இன்ஸாகிக்கு அதிர்ஷ்டம்தானா? – வாசகர் கேள்வி பதில்

இத்தாலியின் முன்னாள் முன்கள வீரர் ஃபிலிப்போ இன்ஸாகியைப் பற்றி வந்த கேள்விகளையே இந்த முறை எடுத்துக்கொண்டோம். முதல் கேள்வியைத்தான் பலரும் வேறு வேறு வார்த்தைகளில் கேட்டிருந்தார்கள்.

கேள்வி: இன்ஸாகிக்கு டிரிபிளிங் (பந்தை உருட்டியபடி ஆளைத் தாண்டுவது) கிடையாது, தூரத்திலிருந்து அடிக்கும் உதை கிடையாது, ஆளும் ஒல்லி. பந்து யார் மேலாவது பட்டு அவர் காலடியில் விழும், கோல். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதானே?

பதில்: ஒரு தடவை விழுந்தால் காக்கைக் கதை என்று விட்டுவிடலாம். இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஆ-வில் மட்டும் 370 ஆட்டங்களில் 156 கோல், ஐரோப்பியக் கிளப் போட்டிகளில் 70 கோல், இத்தாலி அணிக்காக 57 ஆட்டங்களில் 25 கோல். மொத்தத்தில் 300-ஐத் தாண்டுகிறது. இத்தனை தடவை பனம்பழம் விழுகிறதென்றால், எந்த மரத்தில் எப்போது பழுக்கும் என்று காக்கைக்குத் தெரிந்திருக்கிறது.

அவரிடம் இல்லாதவற்றை நீங்கள் சரியாகவே சொல்லியிருக்கிறீர்கள். இருந்தவற்றையும் பார்க்க வேண்டும். பெனால்டி பாக்ஸுக்குள் பந்து அடுத்து எங்கே விழும் என்று மற்றவர்களைவிட அரை நொடி முன்பே அவர் ஊகித்துவிடுவார். தற்காப்பு வீரரின் முதுகுப் பக்கம் மறைந்து நிற்பார். வந்த பந்தை நிறுத்தாமல் ஒரே தொடுதலில் வலைக்குள் தள்ளுவார். காலோ முழங்காலோ மார்போ, எது முதலில் எட்டுகிறதோ அது.

ஒரு பழைய ஆட்டத்தை எடுத்து, பந்தை விட்டுவிட்டு 10 நிமிடம் அவரை மட்டும் பாருங்கள். பெரும்பாலான நேரம் நடந்துகொண்டுதான் இருப்பார். ஆனால் தலை ஓயாது. தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, பந்து வைத்திருப்பவர் பக்கம் ஒரு பார்வை, கோல்கீப்பர் பக்கம் ஒரு பார்வை. தன் அணி வீரர் ஒருவர் கோலை நோக்கி அடிக்கக் காலைப் பின்னுக்கு இழுத்ததுமே இவர் ஓடத் தொடங்கிவிடுவார். பந்து கோல்கீப்பர் கையில் பட்டுத் தெறிக்கும்போது தற்காப்பு வீரர்கள் அப்போதுதான் திரும்புவார்கள். இவர் அந்த இடத்தில் இருப்பார். பத்து உதைகளுக்கு இப்படி ஓடினால் எட்டு வீண். அந்த எட்டு வீண் ஓட்டங்களை யாரும் கவனிப்பதில்லை. பலன் தந்த இரண்டை மட்டும் பார்த்துவிட்டு அதிர்ஷ்டம் என்கிறோம்.

கேள்வி: 'ஆஃப்சைடிலேயே பிறந்தவர்' என்று அவரைச் சொல்வார்களே, யார் சொன்னது? அப்படி அடிக்கடி துணை நடுவரைக் கொடி தூக்க வைப்பது ஒரு குறைதானே?

பதில்: மான்செஸ்டர் யுனைடெட்டின் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் சொன்னதாகவே எங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அவர் அணி நேரடியாகப் பட்ட அடி ஒன்று உண்டு. 1999 ஏப்ரலில் டூரினில் நடந்த சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் யுவென்டஸுக்காக இன்ஸாகி 6-வது நிமிடத்திலும் 11-வது நிமிடத்திலும் கோல் போட்டார். பிறகு யுனைடெட் மீண்டு வந்து 3–2 என்று வென்றது வேறு கதை.

குறைதானா என்பதற்கு முதலில் கணக்கைப் பாருங்கள். ஆஃப்சைடுக்கு அட்டை கிடையாது. அணி இழப்பது ஒரு ஃப்ரீ கிக், அதுவும் எதிரணியின் பாதியில். ஐந்து முறை கொடி தூக்கப்பட்டு ஆறாவது முறை தப்பினால், கோல்கீப்பரோடு தனியாக நிற்கலாம். குறைந்த விலைக்குப் பெரிய லாபம்.

அடுத்தது விதி. எதிரணியின் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசி இரண்டு பேரில் முந்தையவரையும் (கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர்) தாண்டி இருந்தால் அது ஆஃப்சைடு நிலை. அந்த நிலையில் நிற்பது மட்டும் குற்றமல்ல. தன் அணி வீரர் பந்தைத் தொடும் கணத்தில் அங்கே இருந்து, பிறகு ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். த்ரோ-இன், கார்னர், கோல் கிக் மூன்றிலும் ஆஃப்சைடு கிடையாது. 1990 வரை தற்காப்பு வீரரோடு சமமாக நின்றாலே ஆஃப்சைடு; அந்த ஆண்டில்தான் 'சமமாக இருந்தால் சரி' என்று விதி மாறியது. இன்ஸாகி சீனியர் அணியில் முதன்முதலாக ஆடியது அதற்குப் பிந்தைய பருவத்தில். அவருடைய ஆட்டம் முழுவதும் அந்த ஒரு மாற்றத்தின் மேல் நிற்கிறது.

கொடி ஏன் அடிக்கடி தவறுகிறது என்பதும் சுவாரசியமானது. கடைசித் தற்காப்பு வீரர், தான் நிற்கும் இடத்தை ஒட்டிய கற்பனையான ஆஃப்சைடு கோட்டை முன்னுக்கு நகர்த்தி நொடிக்கு 2, 3 மீட்டர் வேகத்தில் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாக்குபவர் எதிர்த்திசையில் நொடிக்கு 6, 7 மீட்டர் வேகத்தில் ஓடுகிறார். இருவருக்கும் இடையிலான தூரம் நொடிக்கு 8 முதல் 10 மீட்டர் மாறுகிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர். துணை நடுவர் 30 மீட்டர் தள்ளி நிற்கும் ஒருவர் பந்தை உதைப்பதைப் பார்த்துவிட்டுக் கண்ணைக் கோட்டுக்குத் திருப்புவதற்குள் அந்தப் பத்தில் ஒரு பங்கு போய்விடும். சரியான ஓட்டம்கூட ஆஃப்சைடாகத் தெரிவது இதனால்தான். இன்ஸாகிக்கு எதிராக எழுந்த கொடிகளில் தவறானவையும் இருந்திருக்கும். அவருக்குச் சாதகமாக எழாமல் போனவையும் உண்டு.

கேள்வி: நான் ஸ்ட்ரைக்கராக ஆடுகிறேன். எவ்வளவு முயன்றாலும் ஆஃப்சைடில் மாட்டிக்கொள்கிறேன், இல்லையென்றால் பந்தை எட்ட முடிவதில்லை. இன்ஸாகி மாதிரி ஓடப் பழகுவது எப்படி?

பதில்: நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறோம். பெரும்பாலானோர் செய்யும் பிழை, கோலை நோக்கி நேராக ஓடத் தொடங்குவது. நேராக ஓடினால் ஒரே எட்டில் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். பாஸ் கால் நொடி தாமதித்தாலும் கொடிதான். முதலில் கோட்டுக்கு இணையாக, பக்கவாட்டில் ஓடுங்கள். பாஸ் கிளம்பும் கணத்தில் உள்ளே வளையுங்கள். வில் போன்ற ஓட்டம். அப்போது வேகமும் குறையாது, நேரமும் கிடைக்கும். பாஸ் வரவில்லையென்றால் அப்படியே கோட்டோடு ஓடிப்போய்த் திரும்பி வரலாம்.

நிற்கும் இடம் தற்காப்பு வீரரின் கண்ணுக்குத் தெரியாத தோள். பந்து வலப்பக்கம் இருந்தால் அவர் வலப்பக்கம் பார்ப்பார். நீங்கள் அவருடைய இடது தோளுக்குப் பின்னால் இரண்டு எட்டு தள்ளி நில்லுங்கள். உங்களைப் பார்க்க அவர் பந்திலிருந்து கண்ணை எடுத்தாக வேண்டும். உடல் பாதி திரும்பி இருக்கட்டும்: ஒரு பாதம் பாஸ் கொடுப்பவர் பக்கம், ஒரு பாதம் கோல் பக்கம். முழுதாகப் பந்தை நோக்கி நின்றால் திரும்புவதற்கே ஒரு எட்டு வீணாகும்.

எப்போது கிளம்புவது? பந்தைப் பார்த்துக் கிளம்பினால் தாமதம். பாஸ் கொடுப்பவரைப் பாருங்கள். அவர் தலை நிமிர்வது முதல் அடையாளம். அப்போது பக்கவாட்டு ஓட்டத்தைத் தொடங்குங்கள். உதைக்காத கால் பந்துக்குப் பக்கத்தில் ஊன்றுவது இரண்டாவது அடையாளம், அப்போது வளையுங்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கிளம்புவதற்கு முன் பந்தை நோக்கி இரண்டு எட்டு வந்துவிட்டுத் திரும்புவது இன்னொரு தந்திரம். தற்காப்பு வீரர் உங்களோடு முன்னால் வருவார். அவர் பின்னால் இடம் திறக்கும்.

பயிற்சிக்கு நான்கு பேர் போதும். கோலிலிருந்து 25 மீட்டரில் கூம்புகளால் ஒரு கோடு போடுங்கள். கோட்டில் ஒரு தற்காப்பு வீரர்; 12 முதல் 15 மீட்டர் பின்னால் பாஸ் கொடுப்பவர்; கோட்டின் நுனியில் நின்று கை தூக்க ஒருவர். எட்டு ஓட்டம் ஒரு செட். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே 45 முதல் 60 நொடி ஓய்வு, செட்டுகளுக்கு நடுவே 3 நிமிடம், மொத்தம் மூன்று செட். ஓய்வைக் குறைக்காதீர்கள், களைத்துப்போனால் நேரக்கணிப்புதான் முதலில் கெடும். எட்டில் ஒன்றிரண்டு முறை கை எழுந்தால் சரியான அளவு. ஒருமுறைகூட எழவில்லையென்றால் தாமதமாகக் கிளம்புகிறீர்கள். மூன்றுக்கு மேல் என்றால் அவசரம், அல்லது நேராக ஓடுகிறீர்கள்.

தெறித்து வரும் பந்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஒருவர் 18, 20 மீட்டரிலிருந்து கோலில் அடிக்க, நீங்கள் 12 மீட்டரிலிருந்து ஓட வேண்டும். கோல்கீப்பரை நோக்கி நேராக ஓடக் கூடாது. கோல்கீப்பர்கள் பந்தைப் பக்கவாட்டில் தள்ளத்தான் பழகியிருப்பார்கள். தூரக் கம்பத்துக்கு 4, 5 மீட்டர் முன்னால் உள்ள இடத்தைக் குறி வையுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: பந்து கோல்கீப்பர் மீதோ கம்பத்தின் மீதோ பட்டுத் திரும்பினாலும், ஆஃப்சைடு கணக்கிடப்படுவது உங்கள் அணி வீரர் உதைத்த கணத்தை வைத்துத்தான். முன்கூட்டியே கோல்கீப்பர் முன்னால் போய் நின்றுகொண்டு தெறித்த பந்தைத் தட்டினால் கோல் செல்லாது.

இவ்வளவும் முழு வேக ஓட்டங்கள். 15 நிமிடமாவது படிப்படியாக உடலைச் சூடாக்காமல் தொடங்க வேண்டாம். தொடையின் பின்தசை லேசாகப் பிடித்தாலும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: 2007 ஏதென்ஸ் இறுதிப் போட்டியில் இன்ஸாகியின் முதல் கோல் கையில் பட்டதுதானே? அதை எப்படி அனுமதித்தார்கள்?

பதில்: மே 23, 2007. சாம்பியன்ஸ் லீக் இறுதியில் இன்ஸாகியின் மிலானும் லிவர்பூலும். முதல் பாதி முடியப் போகிறது, பெனால்டி பாக்ஸுக்குச் சற்று வெளியே மிலானுக்கு ஃப்ரீ கிக். பிர்லோ அடித்த பந்து சுவரைத் தாண்டிவந்து, குறுக்கே ஓடிய இன்ஸாகியின் மேற்கைக்கும் மார்புக்கும் இடைப்பட்ட பகுதியில் பட்டுத் திசை மாறியது. கோல்கீப்பர் ரெய்னா ஏற்கெனவே எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தார்.

அன்றைய விதிப்படி, வேண்டுமென்றே கையால் தொட்டால்தான் குற்றம். பிர்லோவின் உதை அருகிலிருந்து வேகமாக வந்தது. இன்ஸாகியின் கை உடலோடு ஒட்டியிருந்தது. அதனால் கோல் சரியே. 2019-ல் விதி மாறியது. கோல் போடுபவரின் கையில் தற்செயலாகப் பட்டு உள்ளே போனாலும் இப்போது செல்லாது. 2020-ல் 'கை எங்கே தொடங்குகிறது' என்றும் வரையறுத்தார்கள்: அக்குளின் அடிப்பகுதிக்கு மேலே உள்ளது தோள், கீழே உள்ளது கை. இன்று அதே கோல் விழுந்தால் வீடியோ நடுவர் அந்தச் சில சென்டிமீட்டரைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.

தற்செயல் அல்ல, பயிற்சியில் செய்து பார்த்த ஓட்டம் என்று இன்ஸாகி தரப்பு சொல்லிவந்திருக்கிறது. மார்பில்தான் பட வேண்டும் என்று திட்டமிட்டிருக்க முடியாது. ஆனால் பிர்லோ அடிக்கும்போது பந்தின் பாதையில் குறுக்கே வெட்டி ஓட வேண்டும் என்பது திட்டமாக இருந்திருக்கலாம் என்றே நினைக்கிறோம். மற்றவர்கள் நின்று பார்த்த இடத்தில் அவர் ஒருவர்தான் ஓடினார்.

எல்லோரும் முதல் கோலைப் பேசுகிறார்கள். இன்ஸாகியைப் புரிந்துகொள்ள 82-வது நிமிடத்து இரண்டாவது கோல்தான் பாடம். சக வீரர் காகா பந்தோடு நடுவில் நிற்கிறார். இன்ஸாகி தற்காப்புக் கோட்டோடு சமமாக நின்று, காகாவின் கால் அசைந்த கணத்தில் இரண்டு பேருக்கு நடுவே புகுகிறார். பாஸ் வந்ததும் ரெய்னா முன்னேறி வருகிறார். இன்ஸாகி அடிக்கவில்லை. பந்தைப் பக்கவாட்டில் ஒரு தட்டு, ரெய்னா தரையில் விழுகிறார், கோணம் குறுகிவிட்டது, சறுக்கியபடி தரையோடு உருட்டிவிடுகிறார். பலமே இல்லாத உதை. கோல் கோட்டைத் தாண்ட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். 89-வது நிமிடத்தில் லிவர்பூலின் கைட் ஒன்றைத் திருப்பினாலும் 2–1 என்று கோப்பை மிலானுக்குப் போனது. அப்போது இன்ஸாகிக்கு 33 வயது.

கேள்வி: 2003-ல் அயாக்ஸுக்கு எதிரான கடைசி நிமிடக் கோல் இன்ஸாகியுடையதா, டோமாசனுடையதா?

பதில்: பதிவேட்டில் மிலான் அணித் தோழர் டோமாசன். மிலானின் சான் சிரோ மைதானத்தில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் இரண்டாவது ஆட்டம், 2–2 என்று இருந்தது. அப்படியே முடிந்திருந்தால் வெளியூர்க் கோல் கணக்கில் (சமன் ஆனால் வெளியூரில் அதிக கோல் போட்ட அணிக்கு வெற்றி) அயாக்ஸ் முன்னேறியிருக்கும். 90 நிமிடத்துக்குப் பிறகு சேர்த்த நேரத்தில் இன்ஸாகி கோல்கீப்பருக்கு மேலே தூக்கிவிட்ட பந்தை, கோட்டுக்குப் பக்கத்தில் டோமாசன் தொட்டு உள்ளே அனுப்பினார். அதே ஆட்டத்தின் முதல் கோல் இன்ஸாகியுடையது. அந்தப் பருவத்தில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து அவர் 30 கோல் போட்டார். மிலான் அந்த ஆண்டு ஓல்ட் டிராஃபோர்டில் யுவென்டஸைப் பெனால்டியில் வென்று ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது.

கேள்வி: ஆரம்ப காலத்தில் அவர் ஏன் ஆண்டுக்கு ஒரு கிளப்பாக மாறிக்கொண்டே இருந்தார்?

பதில்: இத்தாலியில் இளம் வீரர்களைக் கடனாகக் கீழ் லீக்குகளுக்கு அனுப்பிப் பழக்குவது வழக்கம். 1973 ஆகஸ்ட் 9 அன்று பியாசென்ஸாவில் பிறந்த இன்ஸாகியை அவ்வூர்க் கிளப் அப்படித்தான் அனுப்பியது. 1992–93-ல் மூன்றாம் நிலை லீக்கில் லெஃபே அணிக்கு 21 ஆட்டங்களில் 13 கோல். மறு ஆண்டு இரண்டாம் நிலை லீக்கான சீரி பி-யில் வெரோனாவுக்கும் 13. திரும்பி வந்து 1994–95-ல் பியாசென்ஸாவுக்கு 15. அந்த அணி சீரி பி-யை வென்று மேலே ஏறியது.

அடுத்து பார்மாவில் சறுக்கல். லீக்கில் இரண்டே கோல். அப்போது பார்மாவின் முன்களத்தில் ஜோலா, ஸ்டாய்ச்கோவ், அஸ்ப்ரில்லா என்று பந்தைக் காலில் வாங்கி ஆட விரும்பும் கலைஞர்கள் நிறைந்திருந்தார்கள். இன்ஸாகிக்கு வேண்டியது வெற்றிடத்துக்கு வரும் பாஸ், பக்கவாட்டிலிருந்து வரும் கிராஸ். அது கிடைக்காத இடத்தில் அவர் வெறும் பார்வையாளர். 1996–97-ல் அட்டலாண்டாவில் பயிற்சியாளர் மொண்டோனிகோ அவருக்காகவே ஆட்டத்தை வகுத்துக் கொடுத்தார். 24 கோல், சீரி ஆ-வின் அதிக கோல் விருது. அந்த அணி பட்டியலில் நடுவில்தான் முடித்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த விருதோடுதான் 1997-ல் யுவென்டஸுக்குப் போனார்.

கேள்வி: யுவென்டஸில் நன்றாக ஆடியும் ஏன் விற்றார்கள்?

பதில்: நான்கு பருவங்களில் 165 ஆட்டங்கள், 89 கோல். முதல் பருவத்திலேயே 18 லீக் கோல்களோடு லீக் பட்டம். அதை உறுதி செய்த பொலோனியா ஆட்டத்தில் ஹாட்ரிக். ஆனால் 2000-ல் இன்னொரு முன்கள வீரர் ட்ரெசகே வந்தார். இருவருமே பாக்ஸுக்குள் வாழ்பவர்கள். முன்களத்தில் டெல் பியரோவுக்குப் பக்கத்தில் ஒருவருக்குத்தான் இடம். வயதில் இளையவரை வைத்துக்கொண்டார்கள். 2001-ல் இன்ஸாகி மிலானுக்குப் போனார். அங்கே 300 ஆட்டங்கள், 126 கோல்.

யுவென்டஸ் காலத்தில் மறக்க முடியாத நாள் 2000 மே 14. கடைசிச் சுற்றில் பெருஜாவில் கொட்டும் மழை. ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று தொடர்ந்தது. யுவென்டஸ் 1–0 என்று தோற்றுப் பட்டத்தை இழந்தது. பட்டம் போன இடம் லாசியோ. அன்று ரோமில் ரெஜினாவுக்கு எதிராக லாசியோவின் முதல் கோலைப் பெனால்டியில் போட்டவர் தம்பி சிமோனே இன்ஸாகி.

கேள்வி: 2006 உலகக் கோப்பையை வென்ற அணியில் இன்ஸாகி இருந்தார் என்கிறார்கள். அவர் ஆடியதாகவே நினைவில்லையே?

பதில்: ஒரே ஓர் ஆட்டம்தான். ஹாம்பர்க்கில் செக் குடியரசுக்கு எதிராக, 60-வது நிமிடத்தில் ஜிலார்டினோவுக்குப் பதிலாக இறங்கினார். 87-வது நிமிடத்தில் எதிரணி முழுவதும் முன்னேறியிருந்தபோது பாதி மைதானம் அவருக்கு முன்னால் காலி. பக்கத்திலேயே சக வீரர் பரோனே கையை விரித்தபடி ஓடி வருகிறார். கொடுத்திருந்தால் வெறும் கோல். இன்ஸாகி அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. கோல்கீப்பர் பெத்ர் செக்கைச் சுற்றிக்கொண்டு தானே போட்டார். 1998, 2002, 2006 என மூன்று உலகக் கோப்பை அணிகளில் இருந்தவருக்கு அதுதான் ஒரே உலகக் கோப்பை கோல்.

அதைச் சுயநலம் என்று திட்டுபவர்கள் உண்டு. எங்களுக்கு அது அவருடைய வேலையின் இயல்பாகவே தெரிகிறது. ஆட்டத்துக்கு நாலைந்து முறை மட்டும் பந்தைத் தொட்டு, அதில் ஒன்றைக் கோலாக்க வேண்டியவர் கடைசி நேரத்தில் யோசிக்கத் தொடங்கினால் அந்த ஒன்றும் போய்விடும். நாட்டுக்காக அவருடைய சிறந்த நாளைப் பார்க்க வேண்டுமென்றால் 2003 செப்டம்பரில் வேல்ஸுக்கு எதிராக சான் சிரோவில் நடந்ததைப் பாருங்கள்: 59, 63, 70-வது நிமிடங்களில் கோல். 11 நிமிடத்தில் ஹாட்ரிக்.

கேள்வி: வீடியோ நடுவர் இருக்கும் இன்றைய ஆட்டத்தில் இன்ஸாகி பிழைத்திருப்பாரா?

பதில்: பிழைத்திருப்பார் என்பதே எங்கள் கணிப்பு. சீரி ஆ-வில் வீடியோ நடுவர் முறை 2017–18-ல் வந்தது. பாதித் தானியங்கி ஆஃப்சைடு கருவி 2023 ஜனவரியில். சில கோல்கள் நிச்சயம் பறிபோயிருக்கும். 2010 நவம்பரில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக மாற்று வீரராக வந்து போட்ட இரண்டில் இரண்டாவது அப்படிப்பட்டது. ரீப்ளேயில் ஆஃப்சைடு தெளிவாகத் தெரிகிறது. ஆனால் இன்று துணை நடுவர் சந்தேகம் இருந்தால் கொடியை உடனே தூக்குவதில்லை. ஆட்டம் முடிவுக்கு வரும்வரை விட்டுப் பிறகு பார்க்கிறார்கள். அவர் காலத்தில் தவறான கொடி எழுந்தால் வாய்ப்பு அங்கேயே செத்தது. இன்றைக்கு அது கோலாகி, சரிபார்க்கப்பட்டு, நிலைத்திருக்கும்.

உண்மையான சிக்கல் வேறு. இன்றைய பயிற்சியாளர்கள் ஸ்ட்ரைக்கரிடமிருந்து எதிரணியை அதன் பாதியிலேயே நெருக்கும் ஓட்டத்தையும், நடுக்களத்துக்கு இறங்கிப் பந்தை வாங்கிக் கொடுப்பதையும் எதிர்பார்க்கிறார்கள். இன்ஸாகிக்கு அந்த இரண்டாவது வேலை ஒத்துவராது.

கேள்வி: 37 வயதில் மாட்ரிட்டுக்கு எதிராக இரண்டு கோல் போட்டவர், அதற்குப் பிறகு ஏன் காணாமல் போனார்?

பதில்: முழங்கால். மாட்ரிட் ஆட்டம் முடிந்த ஒரே வாரத்தில் பலெர்மோவுக்கு எதிராக ஆடும்போது இடது முழங்காலின் சிலுவைத் தசைநார் கிழிந்தது. திடீரென்று நின்று திரும்பி முழு வேகத்தில் கிளம்புவதையே நம்பி ஆடுபவருக்கு, முழங்கால் சுழற்சியைத் தாங்கும் அந்த நார்தான் அச்சாணி. இந்தக் காயத்துக்குப் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் ஓய்வு தேவை.

காயங்கள் அவரை முன்பும் படுத்தியிருக்கின்றன. 2003–04-ல் லீக்கில் மூன்றே கோல், அடுத்த பருவத்தில் ஒன்றுகூட இல்லை. 2005-ல் இஸ்தான்புல்லில் மிலான் 3–0 என்று முன்னிலையில் இருந்தும் லிவர்பூலிடம் தோற்ற சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் அவர் மாற்று வீரர் பட்டியலிலும் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே லிவர்பூலுக்கு எதிராக ஏதென்ஸில் போட்ட இரண்டு கோல்களின் எடை அதை நினைத்தால்தான் புரியும். உணவில் மிகக் கண்டிப்பானவர். சாஸ் இல்லாத பாஸ்தா, பிரெசாவோலா என்னும் உலர்த்திய மாட்டிறைச்சி என்று ஆண்டுக்கணக்கில் ஒரே தட்டு. அந்த ஒழுங்கு இல்லையென்றால் 38 வயதுவரை மேல் லீக்கில் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

கேள்வி: 'சூப்பர்பிப்போ' என்ற பெயர் எப்படி வந்தது?

பதில்: ஃபிலிப்போவைச் செல்லமாகப் பிப்போ என்பார்கள். டிஸ்னியின் கூஃபி பாத்திரத்துக்கும் இத்தாலியில் பிப்போ என்றே பெயர். அது சாகச வீரனாக மாறும்போது சூப்பர்பிப்போ.

கேள்வி: இப்போது என்ன செய்கிறார்?

பதில்: பயிற்சியாளர். மிலானின் இளையோர் அணிகளில் தொடங்கி, 2014-ல் முதல் அணிக்கே வந்தார். 10-வது இடம், ஓராண்டில் பதவி போனது. அவர் நிலைத்தது கீழ் லீக்குகளில். வெனிஸியாவை மூன்றாம் நிலையிலிருந்து ஏற்றினார்; 2019–20-ல் பெனவென்டோவை 86 புள்ளிகளோடு சீரி பி சாம்பியனாக்கினார்; 2025-ல் பீசாவை 34 ஆண்டுகளுக்குப் பிறகு சீரி ஆ-வுக்குக் கொண்டுவந்துவிட்டு பலெர்மோவுக்குப் போனார். ஆடிய காலத்தில் பாக்ஸை விட்டு நகராதவர், பயிற்சியாளராக முதலில் தற்காப்பைத்தான் கட்டுகிறார்.

கேள்வி: அவருடைய கோல்களில் ஒன்றை மட்டும் பார்க்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: 2012 மே 13, சான் சிரோ, நொவாராவுக்கு எதிராக. மிலான் சட்டையில் அவருக்குக் கடைசி ஆட்டம். நெஸ்டா, கட்டூசோ, சீடோர்ஃப் ஆகியோரும் விடைபெற்ற நாள். 82-வது நிமிடம், 1–1. சீடோர்ஃப் தற்காப்புக்கு மேலே பந்தைத் தூக்கிவிடுகிறார். இன்ஸாகி கோட்டிலிருந்து கிளம்புகிறார். இந்த முறை கொடி எழவில்லை. மார்பில் ஒரு தொடுதல், பந்து தரையைத் தொடும் முன் ஓர் உதை. பிறகு ஓடும் ஓட்டத்தையும் நிறுத்தாமல் பாருங்கள்.